புள்ளி வைக்காத தலையணை உறை

தம்பி,

இதை உனக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். தனியாக எழுதியதை நீ எப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு, "அம்மா நல்லா இருக்காங்களாம்" என்று உன் மனைவியிடம் சொல்லி மடித்து வைப்பாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் போடச் சொல்லி எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டு உன்னிடம் கேட்டால், அப்போதாவது நடுவில் இருக்கும் வரிகளையும் நீ படித்தாக வேண்டும். இது பிடிவாதம் என்பாய். பிடிவாதம்தான். இந்த வயதில் எனக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

நீ அனுப்பிய பார்சல் வந்தது. தேக்குச் சட்டம், முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு தலையணை உறை, பின்னால் அட்டை, அட்டையைச் சுற்றிப் பழுப்பு நிற டேப். அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டாய். "பிரிச்சியாம்மா? எப்படி இருக்கு?" என்றாய். நல்லா இருக்கு என்றேன். "கடைக்காரன் ஒரு மிஸ்டேக் இல்லாம பண்ணிக் குடுத்துட்டான், பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்றேன். "உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாய். சளி என்றேன். எனக்குச் சளி இல்லை. உன் சந்தோஷத்தைத் தொலைபேசியில் கெடுக்க மனம் வரவில்லை. இங்கே, தாளில், கெடுக்கிறேன்.

அந்தத் தலையணை உறையில் இருந்த எழுத்து என்னுடையது என்று நினைத்துத்தான் நீ அதைத் திருத்தக் கொடுத்தாய். அது என்னுடையது அல்ல. உன் அக்கா பிலோமி எழுதியது. அவள் பள்ளிக்கூட நோட்டுகள் எல்லாம் அவள் இறந்த வருஷத்து வெள்ளத்தில் கூழாகிப் போயின. அவள் கைப்பட எழுதியதில் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த உறை ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை.

இதைப் படித்ததும் "நீ சொல்லவே இல்லையேம்மா" என்பாய். நீ கேட்கவே இல்லையே என்பேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நாம் இருவரும் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நிற்கலாம். நான் நகர மாட்டேன். ஆனால் அந்தத் துணியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாமல் நான் கண்ணை மூடக்கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

நான் எழுத்தைப் பின்பக்கத்திலிருந்து கற்றவள். உனக்கு வேடிக்கையாக இருக்கும். என் அம்மா நடவுக்காலத்தில் வயலுக்கும் மற்ற நாளில் கன்னியர் மடத்துத் தையற்கூடத்துக்கும் போவாள். அங்கே மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, பீடத்து விரிப்புகளுக்குப் பூவும் கொடியும் வேத வசனமும் போடுவார்கள். நான் சட்டத்துக்கு அடியில் படுத்திருப்பேன். என் முகத்துக்கு மேலே ஊசி இறங்கும், ஏறும். ஏற ஏற ஓர் எழுத்து முளைக்கும். மேலே இருந்தவர்களுக்கு அது 'க'. கீழே இருந்த எனக்கு அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் 'க'. முடிச்சும் தொங்கும் நூலுமாக, அழகில்லாத பக்கத்திலிருந்துதான் எனக்கு அரிச்சுவடி அறிமுகம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பலகையில் எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். "கண்ணாடியில பாத்து எழுதுறியாடி?" என்று வாத்தியார் விரலில் அடித்தார். அஞ்சாம் வகுப்போடு அந்த அடியும் நின்றது, படிப்பும் நின்றது. பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்தது, நூலகத்தில் கடன் வாங்கி. ஆனால் ஒரு பழக்கம் போகவில்லை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். தைத்தவள் யார், எப்படிப்பட்டவள், அவசரமாகத் தைத்தாளா, அழுதுகொண்டு தைத்தாளா எல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன். உன்னை மட்டும் முன்பக்கத்தோடு நம்பினேன்.

மடத்தில் தைத்த துணியெல்லாம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். ஒரு நாள் என் அம்மா கேட்டாள். "மதர், ஒரு ஓரத்துல எங்க பேரைச் சின்னதா போட்டுக்கட்டுமா?" மதர் சிரித்தார். "ஆண்டவருக்குத் தெரியும் யார் தைச்சதுன்னு." அம்மா விடவில்லை. "ஆண்டவருக்குத் தெரியும் மதர். வாங்குறவங்களுக்குத் தெரியாதே." கூடம் முழுக்கச் சிரிப்பு. மதரும் சிரித்தார். ஆனால் பெயர் போடவிடவில்லை.

அதே அம்மாவுக்கு மனைப்பட்டா கொடுத்தார்கள். அதுவரை நாங்கள் இருந்தது பண்ணைக்காரர் மனையில். அவர் போகச் சொன்னால் போகவேண்டும். பட்டா வாங்கும் நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மைப்பெட்டியைத் தள்ளி, "ரேகை வைம்மா" என்றார். "கையெழுத்தே போடுவேங்க" என்றாள் அம்மா. பேனாவைக் கொடுத்தார். அம்மா பேனாவைப் பிடித்துப் பார்த்தாள், அது அவள் கையில் நிற்கவில்லை. "ஊசியும் நூலும் இருந்தா குடுங்க சார், எழுதிக் காட்டுறேன்" என்றாள். அவள் கேலி பேசவில்லை. அவளுக்கு ஊசியால் எழுத வரும், பேனாவால் வராது. "இது என்ன, சட்டைக்குப் பட்டன் தைக்கிற இடமா?" என்று அவர் சொல்ல, வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். எத்தனை வருஷத்து ஊசிக்குத்து! ரேகை சரியாக விழவில்லை. கோட்டைவிடப் புள்ளிகள்தான் அதிகம். "இன்னொரு தடவை வை" என்றார். இன்னொரு தடவையும் புள்ளிதான். எழுதத் தெரியாதவள் என்று அந்தக் காகிதத்தில் இன்றைக்கும் இருக்கிறது. நீ இப்போது விற்கலாம் என்று சொல்கிற இந்த மனையின் காகிதம்தான் அது.

நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். தையல் என்றாலே பெண் என்று ஒரு பொருள் உண்டு. இப்படியெல்லாம் மேடையில் அழகாகப் பேசுகிறார்கள். நானும் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். புத்தகம் எழுதினவரை நூலாசிரியர் என்கிறார்கள். நூலால் எழுதினவளுக்கு என்ன பெயர் என்று ஒருவரும் சொல்லக் காணோம். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பெட்டிகளில் நல்வரவு என்றும் இரவு வணக்கம் என்றும் பெயரின் முதலெழுத்தென்றும் எத்தனை ஆயிரம் துணிகள் போயிருக்கும்! பெண்கள் எழுதினதெல்லாம் அங்கேதான் இருந்தது. ஆண்கள் எழுதியது அலமாரியில் ஏறியது. நாங்கள் எழுதியது தலைக்கு அடியில் போனது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது, வெளுக்கப் போனது, நைந்தது, கடைசியில் கரித்துணியானது. அதனால்தான் பெண்கள் அதிகம் எழுதவில்லை என்று சொல்கிறார்கள்.

நான் இரண்டு விதமாகவும் எழுதினேன். நீ தவழ்ந்த அந்த முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருக்குமே, நினைவிருக்கிறதா? அதில் உட்கார்ந்து ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கடிதமும் எழுதச் சொல்வார்கள். மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கத்தில் ஆண்கள் பாதிப் பேர் கடல் கடந்து இருந்தார்கள். உன் அப்பாவும் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். சிங்கப்பூரில் கணவன் இருந்த மைமூன் என்று ஒருத்தி வருவாள். வாய்த் துடுக்கு. "கை எவ்வளவு இறக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டால், "மனசு எவ்வளவு இறக்கமோ அவ்வளவு வைங்க அக்கா" என்பாள்.

ஒரு தடவை அவள் சொன்னாள்: "இங்கு அனைவரும் நலம்னு மட்டும் எழுதாதீங்க அக்கா. அது அவருக்கு மனப்பாடம். கவர பிரிக்காமயே சொல்லிடுவாரு."

"வேற என்ன எழுதட்டும்?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் எழுதுறவங்க."

நான் அளவுநாடாவை அவள் மார்பைச் சுற்றிப் பிடித்திருந்தேன். போன தடவைக்கு இந்தத் தடவை இளைத்திருந்தாள். "அளவு கொறைஞ்சு போச்சு மைமூன். அதையே எழுதட்டுமா?" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக, "அதையே எழுதுங்க" என்றாள். எழுதினேன். பழைய அளவு எனக்கு இப்போது சரியாக இல்லை, பிடித்துத் தைக்கவேண்டியிருக்கிறது என்று. அவ்வளவுதான். நான் எழுதின கடிதங்களிலேயே நல்ல கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் கணவன் ரவிக்கைத் துணி அனுப்பியிருந்தான். நாலு நிறத்தில். மைமூன் அதை என் மெஷின் மேல் போட்டுவிட்டு, "படிச்சிருக்காரு அக்கா, துணி வரைக்கும் படிச்சிருக்காரு" என்றாள்.

நீ சட்டம் போட்டு அனுப்பிய பார்சலைப் பிரித்தபோது மைமூன்தான் என் நினைவுக்கு வந்தாள்.

பிலோமிக்கு எட்டு வயதில் நீ பிறந்தாய். உனக்குப் பெயர் வைத்தது பங்குச் சாமியார். ஆனால் உன்னைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கியவள் அவள். அவள் கூப்பிட்டதையே நானும் கூப்பிட்டேன், அப்பாவும் கூப்பிட்டார், தெருவே கூப்பிட்டது. இன்றைக்கும் நான் உன்னை அவள் வாயால்தான் கூப்பிடுகிறேன்.

நீ முன்னறையில் தூளியில் தூங்குவாய். வாடிக்கைக்காரர்கள் வந்தால் சத்தமாகப் பேசுவார்கள், நீ எழுந்து அழுவாய். பிலோமிக்குப் பொறுக்காது. ஒரு நாள் உன் சின்னத் தலையணைக்கு நான் தைத்து வைத்திருந்த வெள்ளை உறையை எடுத்தாள். நான் துணியில் முதலில் பென்சிலால் வரைந்துகொண்டு அதன்மேல் தைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். "அம்மா, உனக்கு எழுத்து கோணலா வருது. நான் எழுதுறேன், நீ மேல தையி" என்று தரையில் குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்துத் தூக்கிக் காட்டினாள்:

தமபி தூஙகரான சததம போடாதிஙக

"என்னடி இது, புள்ளியே காணோம்?" என்றேன்.

"புள்ளி எல்லாம் உன் வேலை. பென்சிலால குத்தினா துணி ஓட்டையாவுது. நீ முடிச்சுப் போட்டுக்க."

பழைய காலத்தில் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்களாம், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று. பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் அதைப் படித்தேன். எட்டு வயதுப் பெண் அதைத் தன்பாட்டுக்குக் கண்டுபிடித்திருந்தாள்.

"தூங்குறான்னா வல்லின ற வரணும்டி" என்றேன்.

"நீ சொல்றப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது?"

"வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதே, அவங்க எப்படிச் சத்தம் போடாம இருப்பாங்க?" என்று வேறு கேள்வி கேட்டேன்.

"அப்ப நீ படிச்சுக் காட்டு," என்றாள். "மெதுவா படி."

அந்த 'ர'வை மாற்றச் சொன்னதற்கு, "தம்பி எந்திரிச்சதும் மாத்துறேன்" என்றாள். நீ எழுந்தாய், அழுதாய், உன்னைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விட்டாள். எழுத்து அப்படியே நின்றது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. சம்பா நட்ட வயல்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். அந்த மழைக்காலத்தில்தான் பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பிலோமிக்கும் வந்தது. அவள் கடைசியில் என்ன சொன்னாள் என்றெல்லாம் எழுத மாட்டேன். அவள் பேசவில்லை. தஞ்சாவூர் வரை கொண்டுபோனோம், கொண்டுவந்தோம். அவ்வளவுதான். கல்லறையில் தோண்டிய குழியில் ஊற்றுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய். பூவைப் பறிக்கக் கையை நீட்டினாய்.

உன் அப்பாவுக்குச் சாமியார் தந்தி கொடுத்தார். மஸ்கட்டில் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கடிதம் எழுது, எப்படி நடந்தது என்று எழுது என்று தகவல் அனுப்பினார். ஊரில் இருந்த பெண்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. தினமும் உட்கார்வேன், தினமும் அதே சொல்லோடு எழுந்துவிடுவேன். அப்போதுதான் கவனித்தேன். நீ அந்தத் தலையணையில் படுத்துப் படுத்து, உன் தலை எண்ணெயில் பென்சில் கோடு அழிந்துகொண்டு வந்தது. 'சததம' என்பதில் முதல் எழுத்துப் பாதி போய்விட்டது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியை எடுத்தேன்.

நீல நூல். ஒற்றை இழை. பென்சில் கோட்டுக்கு ஒரு மயிரிழைகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல், கோட்டின் மேலேயே காம்புத் தையல் போட்டேன். அவள் கை எங்கே நடுங்கியிருந்ததோ அங்கே நூலும் நடுங்கியது. தூ-வின் சுழியை அவள் பெரிதாகப் போடுவாள், ஒரு நத்தைபோல. அதையும் அப்படியே தைத்தேன். 'ர'வையும் அப்படியே தைத்தேன். நூலுக்கு அடியில் அவள் பென்சில் பத்திரமாக இருந்தது. உன் அப்பாவுக்கு நான் எழுதவேண்டியிருந்த கடிதம் அதுதான். தபாலில் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் தைத்து முடித்தபின் புள்ளிகள் பாக்கி. அவை என் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஊசியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடப் போனேன். போட முடியவில்லை. நான் என் வேலையை முடித்துவிட்டால் அவள் வேலையும் முடிந்துபோகும். அந்தத் துணியில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டதல்ல, தம்பி. அஞ்சாங் கிளாஸ் என்பதால் விட்டதல்ல.

உன் அப்பா இரண்டு வருஷம் கழித்து வந்தார். உறையை எடுத்து எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "புள்ளி வைக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன்பிறகு சாகும்வரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எட்டாவது வரை படித்தவர், மஸ்கட்டில் செங்கல் சுமந்தவர். அவருக்குப் படிக்கத் தெரிந்தது.

நீ பெரிய படிப்புப் படித்தாய். ஊரில் முதல் கம்ப்யூட்டர் இஞ்சினியர். நீ அமெரிக்கா போன அன்று தெருவே வந்து வழியனுப்பியது. நான் உன்னைப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போகத்தான் வேண்டும். தண்ணீர் வராத ஆற்றைப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பது? நீ மாதா மாதம் அனுப்புவதிலும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். நீ வருவதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு. கல்லறைத் திருநாளுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. "அப்ப லீவு இல்லம்மா" என்பாய். உன் அக்கா கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறவள் நான் ஒருத்தி. அதனால்தான் உனக்கு அவள் ஒரு கல்லில் இருக்கும் பெயராக மட்டும் இருக்கிறாள். அந்த உறையை நான் எங்கே வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டியில், உன் ஞானஸ்நானச் சட்டையோடு. ஒரு தாய் ஒரு பொருளை எதனோடு சேர்த்து வைத்திருக்கிறாள் என்பதையும் ஒருவன் படிக்கவேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெட்டியைக் கிளறி உன் மகளுக்குப் பழைய துணியெல்லாம் காட்டினாய். அவள் அங்கே சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், நல்ல பிள்ளை. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, இதுல புள்ளியே இல்ல. இந்த ர தப்பு, அந்த ற வரணும்" என்றாள். நீ சிரித்தாய். "பாட்டி அஞ்சாங் கிளாஸ்தான்டா படிச்சாங்க. அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்." நான் அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. உன் மகள் முன்னால் உன்னைத் திருத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நீ போய் என்னைத் திருத்தினாய்.

எனக்கு ஆச்சரியம் கொடுக்கவேண்டும் என்றுதான் அந்த உறையைச் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாய். அது எனக்குத் தெரிகிறது. ஆசையில் செய்தாய். ஆசையில் செய்ததால்தான் யாரிடம் போய் அழுவது என்று தெரியவில்லை.

பார்சலில் வந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது இது: "தம்பி தூங்குகிறான். சத்தம் போடாதீர்கள்." அச்சடித்தது மாதிரி, பளபளவென்று. அது யார் குரல் தம்பி? வானொலியில் செய்தி வாசிக்கிறவர் குரல் அது. எந்த அக்காவாவது தன் தம்பி தூங்கும்போது "போடாதீர்கள்" என்பாளா? முதலில் வேறு துணி என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது: இது புதிது, பழையது எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று. பிறகு ஓரத்தைப் பார்த்தேன். நான் மடித்துத் தைத்த ஓரம். டேப்பைக் கிழித்து, அட்டையைக் கழற்றி, துணியைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க மெஷின்காரர்கள் ஒட்டுகிற வெள்ளைத் தாள். முடிச்சு இல்லை, தொங்கும் நூல் இல்லை, யாரும் இல்லை.

சட்டத்தையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, நீ கொடுத்த கடையைக் கண்டுபிடித்தேன். நல்ல பையன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். "நல்லா வந்திருக்குல்லம்மா?" என்றான். "பழைய நூல் எல்லாம் நைஞ்சு போயிருந்துச்சும்மா. பிரிச்சா, அடியில ஒரே பென்சில் அழுக்கு. ரெண்டு தடவை பிளீச் போட்டுத்தான் போச்சு. சார் ஸ்பெல்லிங்கு பாக்கச் சொன்னாரு. எனக்கும் சந்தேகம்தான், பக்கத்துல ஒரு வாத்தியார்கிட்ட காட்டிச் சரிபாத்துட்டோம்."

"பிரிச்ச நூல் இருக்காப்பா?"

"நூலாம்மா? அன்னிக்கே கூட்டித் தள்ளியிருப்போமே."

பென்சில் அழுக்கு என்று அவன் சொன்னதை வீடு வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கைப்பேசியில் போட்டோ இருக்கும்மா என்று சொல்லாதே. போட்டோவில் நூல் இருக்கும். நூலுக்கு அடியில் இருந்தது இருக்காது. புதிதாக அதே மாதிரி தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லாதே. உனக்கு ஒரு புத்திமதி சொல்லவேண்டும் என்றால் இதுதான் சொல்வேன்: ஒருவர் எழுதியதைத் திருத்துவதற்கு முன்னால் எழுதியது யார் என்று கேள். அது பெண் எழுதியது என்றால் இரண்டு தடவை கேள். எங்கள் எழுத்தில் இருக்கிற பிழையில் பாதி நாங்கள் வேண்டுமென்றே விட்டது.

அந்த மெஷின் தையலை ஊசிமுனையால் பிரித்தேன். முதலில் பிரித்தது புள்ளிகளைத்தான். இப்போது எல்லாம் பிரிந்துவிட்டது. துணி வெள்ளையாக இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் நெடுக ஓட்டை. எந்த ஓட்டை என் ஊசி போட்டது, எது மெஷின் போட்டது என்று தடவித் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. தெரிந்தது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வா. லீவு இல்லை என்று சொல்லாதே. மனையை விற்பதைப் பற்றிப் பேச வராதே. தனியாக வா. ஒரு பென்சில் கொண்டு வா, நல்ல மெல்லிய முனை. இந்தத் துணியைத் தரையில் விரித்து வைக்கிறேன். அவள் படுத்த மாதிரி குப்புறப் படுத்து, உன் கையால் எழுது. "அக்கா தூங்கரா சத்தம் போடாதிங்க" என்று எழுது. எந்த ர என்று யாரையும் கேட்காதே. அவள் போட்ட 'ர'வையே போடு. கோணலாக வந்தால் வரட்டும். இதைச் செய்தால் உன்னை மன்னித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. மன்னிக்கிறது எனக்கு வராது, நான் அதைப் படிக்கவில்லை. எனக்குக் கண் இன்னும் கொஞ்சம் தெரிகிறது, ஊசி கோக்கத் தெரிகிறது. நீ எழுதினால் மேலே தைப்பேன்.

புள்ளி மட்டும் வைக்காதே. புள்ளி என் வேலை.

அம்மா